குளிரைத் துணைக்கொண்ட காடு: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உயிரியல் ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதும் குழுக்களில் இருப்போருக்கும்,

அலாஸ்காவில் தொடங்கி கனடா, நார்வே, சுவீடன், பின்லாந்து வழியாக சைபீரியாவின் கிழக்குக் கோடி வரை பூமியின் வடபகுதியைச் சுற்றிக் கிடக்கும் தைகா என்ற ஊசியிலைக் காட்டைப் பற்றி நாம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். கூம்பு வடிவ மரம், ஊசி இலை, மெழுகுப் பூச்சு, அடர்ந்த ரோமம், தோலுக்கடியில் கொழுப்பு, குளிர்கால உறக்கம். ‘தகவமைப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் ஐந்தாறு வரிகள். தேர்வில் ஒரு நெடுவினா. இவற்றில் பொய் என்று தள்ளக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவருக்குள் சொல்லாமலே ஒரு சித்திரம் பதிகிறது: குளிர் பகைவன், உயிர்கள் அதற்கு எதிராகக் கவசம் பூண்டிருக்கின்றன. அங்கிருந்து அடுத்த முடிவு ஓர் எட்டில் இருக்கிறது. பூமி சூடானால் அந்த உயிர்களுக்குச் சுமை குறையும், கவசம் தேவைப்படாது, நல்லதுதானே? இப்படிக் கேட்கும் மாணவரைக் குறைசொல்ல முடியாது. கையில் கொடுத்ததை வைத்து அவர் ஒழுங்காகவே யோசித்திருக்கிறார். கோளாறு நாம் அடுக்கிக் கொடுத்த விதத்தில் இருக்கிறது. வடக்குக் காட்டின் உயிர்களில் பல, குளிரைத் தாங்குவதோடு நிற்கவில்லை. குளிரையும் வெண்பனியையும் அவை வந்துபோகும் நாள்களையும் தம் பிழைப்பின் ஆதாரமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டன. தகவமைப்பு என்ற பாடத்தின் மையம் இதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மரத்திலிருந்து தொடங்கலாம். மரம் ஓடி ஒளிய முடியாது, உள்ளே வெப்பம் உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. வெளியே மைனஸ் 40 டிகிரி என்றால் கிளைக்குள்ளும் ஏறக்குறைய அதே மைனஸ் 40தான். மெழுகுப் பூச்சோ கூம்பு வடிவமோ இந்த வெப்பநிலையைக் கூட்டிவிடாது. ஆக, கேள்வி குளிரை வெளியே நிறுத்துவது எப்படி என்பது அல்ல. உள்ளே வந்த குளிரில் பனிக்கட்டி எங்கே உருவாகிறது என்பது. செல்லுக்குள் உருவானால் செல் செத்தது. ஓக் போன்ற பல தெற்கத்திய மரங்கள், தண்டிலுள்ள உயிர்ச் செல்களின் நீரை உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே வைத்திருந்து சமாளிக்கின்றன. இந்த உத்திக்கு இயற்பியல் ஓர் எல்லை போட்டிருக்கிறது: தூய நீர்கூட மைனஸ் 40ஐ நெருங்கும்போது தானாகவே உறைந்துவிடும். அத்தகைய பல மரங்களின் வடக்கு எல்லை, குளிர்காலம் மைனஸ் 40ஐத் தொடும் இடங்களோடு ஏறத்தாழ ஒத்துப்போவது தற்செயல் அல்ல. அதற்கும் வடக்கே நிற்கும் ஸ்புரூஸ், பிர்ச், லார்ச், வில்லோ மரங்கள் வேறு வழியைப் பிடித்தவை. அவை பனிக்கட்டியைத் தடுப்பதே இல்லை. செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் அதை உருவாக விடுகின்றன. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள்ளிருக்கும் நீரை மெல்ல மெல்ல வெளியே இழுக்கிறது. செல் சுருங்குகிறது, உள்ளே மிஞ்சும் சாறு பாகுபோலக் கெட்டியாகிறது, கடைசியில் உறைவதற்கு உள்ளே நீர் என்று எதுவும் மிச்சமில்லை. ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சகாய், குளிருக்குப் பழகிய மரக்கிளைகளை முதலில் படிப்படியாக உறையவைத்து, பிறகு திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் முக்கி எடுத்து, அவை உயிரோடிருப்பதை 1960இல் காட்டினார். பூமியில் எந்தக் குளிர்காலமும் எட்ட முடியாத குளிர் அது.

இந்தச் சோதனையில் வகுப்பறைக்கு முக்கியமானது அந்த எண் அல்ல, ‘பழகிய’ என்ற நிபந்தனை. அதே மரத்தின் கிளையை நடுக்கோடையில் வெட்டிச் சோதித்தால் உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே செத்துவிடும். கோடையின் பிற்பகுதியில் பகல் குறையத் தொடங்கியதும் வளர்ச்சி நிற்கிறது, மொட்டு மூடிக்கொள்கிறது. இது முதல் கட்டம். முதல் உறைபனிகள் வந்து தொட்ட பிறகுதான் குளிருக்குப் பழகும் வேலை நிறைவடைகிறது. அதாவது குளிரைத் தாங்கும் ஆற்றலை மரத்துக்குக் கொடுப்பதில் குளிருக்கே பங்கு உண்டு. இலையுதிர்காலம் நீண்டு இதமாக இருந்துவிட்டு ஒரே இரவில் கடுங்குளிர் இறங்கினாலோ, குளிர்காலத்தின் நடுவே சில நாள்கள் வெயில் அடித்து மரம் இளகிவிட்டுப் பிறகு மீண்டும் உறைந்தாலோ, சராசரி வெப்பநிலை கூடியிருந்தும் மரத்துக்குச் சேதம்தான்.

லார்ச் மரத்தையும் பாடத்தில் சேர்க்கச் சொல்வேன், நம் பட்டியலுக்கு அது நல்ல சங்கடத்தைத் தரும் என்பதற்காகவே. சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் பகுதியில் 1892ஆம் ஆண்டு வெப்பநிலை மைனஸ் 67 டிகிரிக்கும் கீழே பதிவானது. அந்தப் பகுதியின் காட்டில் ஓங்கி நிற்பது டாஹூரிய லார்ச். ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி ஊசிகளையெல்லாம் கொட்டிவிடும். பசுமை மாறா ஊசியிலை குளிருக்கு எதிரான கவசம் என்றால், குளிர் உச்சத்தில் இருக்கும் இடத்தில் நிற்கும் மரம் ஏன் அந்தக் கவசத்தைக் கழற்றி எறிகிறது? ஊசியிலையை ஆண்டு முழுதும் வைத்திருப்பது பெரும்பாலும் குறுகிய கோடையையும் சத்தில்லாத மண்ணையும் சார்ந்த கணக்கு. ஆண்டுதோறும் புது இலை செய்யச் செலவிடாமல், வெயில் வந்த அன்றே வேலையைத் தொடங்கலாம். அதற்கு விலையும் உண்டு. குளிர்காலத்தின் கடைசியில் வெயில் ஏறுகிறது, ஆனால் வேர் உறைந்தே கிடக்கிறது. இலைக்கு ஒளி வருகிறது, நீர் வருவதில்லை, வேதிவினைகளும் நடப்பதில்லை. அந்த ஒளி இலையைச் சிதைத்துவிடும் என்பதால் ஸ்புரூஸும் பைனும் சில நிறமிகளைக் கொண்டு அதை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளுகின்றன. லார்ச் இலையே இல்லாமல் இருந்து இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறது. ஒரே காட்டில் ஒரே குளிருக்கு எதிரெதிரான இரண்டு விடைகள்.

அடுத்தது வெண்பனி. புதிதாக விழுந்த வெண்பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அரை மீட்டருக்கு மேல் அது படிந்துவிட்டால், மேலே மைனஸ் 30 அடித்தாலும் அடியில் தரைமட்டம் உறைநிலையை ஒட்டியே நிற்கும். தரைக்கும் பனிக்கும் இடையில் உருவாகும் அந்தக் குறுகிய வெளியில் வோல் எலிகள் சுரங்கம் அமைத்துப் புல்லையும் பட்டையையும் தின்று காலம் தள்ளுகின்றன. மூஞ்சூறுகள் பூச்சி தேடுகின்றன. வீசல்கள் இரண்டையும் துரத்துகின்றன. சாம்பல் நிறப் பேராந்தை மேலே கிளையில் அமர்ந்து, பனிக்கு அடியில் எலி நகரும் ஒலியைக் கேட்டே குறிபார்த்துப் பாய்கிறது. காட்டுக்கோழி இனங்கள் சில, மாலையில் பனிக்குள் தலைகீழாகப் பாய்ந்து புதைந்து இரவைக் கழிக்கின்றன. ரஷ்ய விலங்கியலாளர் ஃபொர்மோசோவ், வெண்பனிப் போர்வையே பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்குமான சூழலின் முதன்மைக் காரணி என்பதை 1946இலேயே ஒரு நூலாக எழுதி நிறுவிவிட்டார். நம் பாடங்களில் வெண்பனி இன்றும் மரக்கிளையிலிருந்து வழுக்கி விழ வேண்டிய ஒரு பாரமாக மட்டுமே வருகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமானதுதான்: அடர்ந்த ரோமம் வெப்பத்தைக் காப்பது உண்மைதானே, அதைச் சொல்வதில் என்ன தவறு? உண்மைதான். ஓநாய்க்கும் மூஸ் மானுக்கும் ரோமம் பெரும் பாதுகாப்பு. ஆனால் 1950இல் ஆய்வாளர் ஸ்காலாண்டரும் அவருடைய சகாக்களும் அலாஸ்காவின் வடமுனையில் பல விலங்குகளின் தோல்களை அளந்து வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். பெரிய விலங்குகளின் ரோமம் வெப்பமண்டல விலங்குகளுடையதைவிடப் பல மடங்கு காப்புத்திறன் கொண்டிருந்தது. உடல் சிறுக்கச் சிறுக்க அந்த வேறுபாடு குறைந்துகொண்டே வந்தது. வீசல், லெம்மிங் அளவுக்கு வந்தபோது அவற்றின் ரோமம் வெப்பமண்டலத்துச் சில விலங்குகளின் ரோமத்தைவிட அதிகம் மேலாக இல்லை. காரணம் எளிது. விரல் நீள உடலில் பத்து சென்டிமீட்டர் ரோமத்தை வைத்துக்கொண்டு நடக்க முடியாது. இந்தச் சின்ன உயிர்களின் ரோமம் வெண்பனிதான். காட்டின் பாலூட்டிகளில் எண்ணிக்கையால் மிகுந்தவை இந்தச் சிறியவையே என்பதை நினைத்தால், ரோமத்தைப் பற்றிய நம் வரி எவ்வளவு பேரை விட்டுவிடுகிறது என்பது தெரியும். மூஞ்சூறு செய்யும் காரியம் இன்னும் வினோதம். குளிர்காலத்தில் அது உறங்குவதில்லை; தன் உடலையே சிறிதாக்கிக்கொள்கிறது. மண்டையோடு 15 விழுக்காடு அளவுக்குச் சுருங்குகிறது, மூளையும் கூடவே சுருங்குகிறது, வசந்தத்தில் மறுபடி ஓரளவு வளர்கிறது. போலந்து விலங்கியலாளர் டேனல் இதை 1949இல் எழுதினார். கொழுப்பைச் சேர்த்துப் பெருக்க வேண்டிய பருவத்தில் எலும்பைக் கரைக்கும் இந்த விலங்குக்கு நம் பட்டியலில் இடமே இல்லை.

வட அமெரிக்காவின் காட்டுத் தவளையையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஷ்மிட் என்ற ஆய்வாளர் சில தவளைகள் உறைந்தும் உயிர்பிழைப்பதை 1982இல் எழுதியபின் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்துவிட்டார்கள். குளிர்காலத்தில் இது மண்ணை ஆழமாகத் தோண்டுவதில்லை. குளத்தின் அடிக்கும் போவதில்லை. காட்டின் தரையில் சருகுக்குள் ஒடுங்கிக்கொள்கிறது. தோலில் முதல் பனிப்படிகம் பட்ட சில நிமிடங்களில் கல்லீரல் தன் கையிருப்பைக் கரைத்து இரத்தத்தில் குளுக்கோஸைக் கொட்டத் தொடங்குகிறது. அந்தச் சர்க்கரை செல்களுக்குள் புகுந்து அவற்றின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, பனிக்கட்டி தோலுக்கடியிலும் வயிற்று அறையிலும் மட்டும் படிகிறது. உடல் நீரில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரைகூட, கட்டியாகிவிடும். கண் வெளுக்கிறது. மூச்சு நிற்கிறது, இதயம் நிற்கிறது. மரம் செய்வதும் தவளை செய்வதும் அடிப்படையில் ஒரே தந்திரம் என்பதைக் கவனியுங்கள்: பனிக்கட்டியைச் செல்லுக்கு வெளியே வைப்பது. தாவரவியல் ஒரு பாடம், விலங்கியல் வேறு பாடம் என்று நாம் பிரித்து நடத்துவதால் இந்த அழகு மாணவர் கண்ணில் படாமலே போகிறது.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் இயற்கையான இடத்திலேயே தவளைகளைக் கண்காணித்து 2014இல் வெளிவந்த ஆய்வு, அவை ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உறைந்து கிடந்ததையும், மைனஸ் 18 டிகிரி வரை தாங்கியதையும், அத்தனையும் பிழைத்ததையும் பதிவு செய்தது. ஃபேர்பேங்க்ஸின் காற்று அதைவிட வெகு கீழே, மைனஸ் 40க்கும் போகக்கூடியது. இடைவெளியை நிரப்புவது சருகும் அதன்மேல் படிந்த வெண்பனியும்தான். இலையுதிர்காலத்தில் இரவில் உறைந்து பகலில் இளகும் நாள்கள் பல வருவதும் தவளைக்கு வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை உறையும்போதும் உடலில் சர்க்கரை சேர்ந்துகொண்டே போகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே மூச்சில் உறையவைத்த தவளைகளைவிடக் காட்டில் கிடந்தவை கூடுதலாகத் தாங்கியதற்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணம் அதுவே. வசந்தத்தில் தரைமேல் கிடக்கும் தவளை சீக்கிரம் இளகி, பனி உருகித் தேங்கிய குட்டைகளுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்கிறது. மீன் இல்லாத, கோடையில் வற்றிப்போகும் குட்டைகள் அவை. முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் வளர்ந்து கரையேறும்வரை நீர் நிற்க வேண்டும். அந்த நீரும் வெண்பனி கொடுத்ததுதான்.

குளிரையே பண்டசாலையாகக் கொண்ட பறவை ஒன்றும் உண்டு. கனடா ஜே சுமார் 70 கிராம் எடையுள்ளது. தெற்கே வலசை போகாது. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பூச்சி, பழம், காளான், செத்த விலங்கின் இறைச்சித் துணுக்கு என்று கிடைத்ததையெல்லாம் பசையுள்ள உமிழ்நீரில் உருட்டி, மரப்பட்டை இடுக்குகளிலும் லைக்கன் கொத்துகளிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் செருகி வைக்கிறது. காடு பனியில் புதைந்திருக்கும்போதே, குளிர்காலத்தின் கடைசியிலேயே, அது கூடு கட்டி முட்டையிடுகிறது. பிற பறவைகள் பூச்சிக்காகக் காத்திருக்கும்போது இது சேமிப்பிலிருந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. கெட்டுப்போகக்கூடிய இந்தச் சரக்கு மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் குளிர்தான். ஒன்டாரியோவின் அல்கான்குயின் பூங்காவில் இந்தப் பறவையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்ட்ரிக்லாண்டும் வெய்ட்டும் 2006இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்: இதமான இலையுதிர்காலங்களில் சேமிப்பு அழுகுகிறது, அதனால் அடுத்த இனப்பெருக்கம் பாதிக்கப்படுகிறது. அந்தப் பூங்காவின் ஆய்வுப் பரப்பில் இவற்றின் எண்ணிக்கை 1970களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உறைவதும் இளகுவதுமாக மாறிமாறி வரும் நாள்கள் கூடுவது இனப்பெருக்கத்தைக் குறைக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் ஆதரிக்கின்றன. பிசின் நிறைந்த ஸ்புரூஸ், பைன் மரங்களில் சேமித்தவை பிற மரங்களில் சேமித்தவற்றைவிட நன்றாக நிற்கின்றன என்பதும் தெரியவந்திருக்கிறது. இந்தப் பறவைக்கு வெப்பம் நிவாரணம் அல்ல, திருட்டு.

இதற்கு மேலும் சான்று கேட்பவருக்கு அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் நிற்கும் மஞ்சள் சீடர் மரத்தைக் காட்டுவேன். கண்டிப்பாகப் பார்த்தால் இது தைகா அல்ல, அதன் விளிம்புக்கு அப்பால் உள்ள கடலோர மழைக்காடு. ஆனாலும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டுகள் வாழக்கூடிய இந்த மரங்கள் 2 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் பட்டுப்போய் நிற்கின்றன. பூச்சியா, பூஞ்சையா என்று நெடுங்காலம் தேடினார்கள். அமெரிக்க வனத்துறையின் பால் ஹெனனும் உடன் உழைத்தவர்களும் கண்டடைந்த காரணம்: வேர் குளிரில் விறைத்துச் சாகிறது. ஈரமான மண்ணில் இதன் மெல்லிய வேர்கள் மேலாகவே ஓடுகின்றன. குளிர்காலத்தின் கடைசியில் சீக்கிரமே இளகிவிடுகின்றன. முன்பெல்லாம் வசந்தம்வரை மேலே வெண்பனி மூடியிருந்ததால் அப்போது வரும் கடுங்குளிர் அலை வேரைத் தொடவில்லை. வெப்பம் கூடி வெண்பனி மழையாக மாறியபின் மண் வெறுமையாகக் கிடக்கிறது, குளிர் அலைகளோ இன்னும் முழுதாக நிற்கவில்லை. பனி தங்கும் உயரமான சரிவுகளில் இதே மரம் பச்சையாகவே நிற்கிறது. வெப்பம் கூடியதால் குளிரில் சாகும் மரம். ‘குளிர் பகை, வெப்பம் நட்பு’ என்று படித்த மாணவரால் இந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது.

எல்லா உயிரும் நட்டப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. மலைப்பைன் வண்டு பெரும் லாபம் அடைந்திருக்கிறது. அதன் புழுக்களை நடுக்குளிர்காலத்தில் கொல்ல மைனஸ் 40ஐ ஒட்டிய குளிர் வேண்டும். அத்தகைய நாள்கள் அரிதானபின், 1990களிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர் காட்டை அது பாதித்து, ராக்கி மலைகளைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள்ளும் இறங்கியது. மூஸின் மேல் ஒட்டும் குளிர்கால உண்ணிக்கும் இப்படித்தான். இலையுதிர்காலத்தில் புல் நுனியிலும் புதர் நுனியிலும் தொற்றிக் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சுகளை முதல் பனி முடித்துவிடும். பனி தாமதித்தால் ஒரே மூஸின் மேல் பத்தாயிரக்கணக்கில் ஏறிவிடுகின்றன. ஈரம் போதுமான இடங்களில் நீண்ட கோடையால் மரங்கள் விரைந்து வளர்வதும் உண்டு. ஆகவே லாப நட்டக் கணக்கு உயிருக்கு உயிர் வேறுபடும். யார் குளிரை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கைப் போடவே முடியும்.

“பரிணாமம் இருக்கிறதே, மாறிக்கொள்ளுமே” என்பது வகுப்பில் கட்டாயம் எழும் கேள்வி. வெண்பனிக் காலணி முயல் இதற்கு நல்ல விடை தருகிறது, விடை இரு பக்கமும் வெட்டும். இந்த முயல் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் கோடையில் பழுப்பாகவும் மாறுகிறது. மாற்றத்தை முடுக்குவது பகலின் நீளம், பனி அல்ல. பகலின் நீளம் எந்த வெப்பமாற்றத்துக்கும் அசையாது. பனி விழும் நாளும் உருகும் நாளும் அசைகின்றன. பழுப்புத் தரையில் வெள்ளை முயல் உட்கார்ந்திருந்தால் லின்க்ஸ் பூனைக்குத் தேடும் வேலையே இல்லை. மொண்டானாவில் நடந்த ஆய்வு, இப்படி நிறம் பொருந்தாத முயல்கள் வாரத்துக்கு வாரம் பிழைக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு வரை குறைவதை 2016இல் காட்டியது. மறுபக்கம், பனி குறைந்த பசிபிக் கரையோரத்தில் இதே இனத்தில் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் முயல்கள் உள்ளன. அந்தப் பண்புக்கான மரபணு வடிவம் கருவால் ஜாக்ராபிட் என்ற வேறொரு முயல் இனத்தோடு கலந்ததால் வந்தது என்று 2018இல் தெரிந்தது. ஆக, மூலப்பொருள் இருக்கும் இடத்தில், தலைமுறை விரைந்து மாறும் உயிரில், இயற்கைத் தேர்வு நடக்கலாம். ஆண்டுக்குச் சில ஈற்று குட்டி போடும் முயலுக்குப் பொருந்தும் இந்த நம்பிக்கையை, நூற்றாண்டுகள் நின்று வாழும் மரத்துக்குக் கடன் கொடுக்க முடியாது.

கடைசியாக, உங்களில் பலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: பாடவேளை 45 நிமிடம், பாடம் முடிக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு? நான் கூடுதல் பக்கம் கேட்கவில்லை. இருக்கும் ஐந்தாறு வரிகளில் மூன்றை எடுத்துவிட்டு ஒரே ஒரு தவளையை முழுதாகச் சொல்லுங்கள் என்கிறேன். பனிக்கட்டி செல்லுக்கு வெளியே, சர்க்கரை செல்லுக்கு உள்ளே, மேலே வெண்பனி: கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டால் பத்து நிமிடத்தில் முடியும் விஷயம். சவ்வூடுபரவலை அதே ஆண்டு வேறொரு பாடத்தில் நடத்தத்தான் போகிறீர்கள். இரண்டையும் இணைத்துவிட்டால் நேரம் மிச்சமாகும். “மரம் குளிரை எதிர்பார்த்துத் தயாராகிறது” என்பதுபோன்ற வாக்கியங்களையும் அப்போது கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். மரம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. பகல் குறையும்போது வளர்ச்சியை நிறுத்திய மரங்கள் மிஞ்சின, நிறுத்தாதவை மிஞ்சவில்லை, அவ்வளவே. பாடநூல் குழுவினருக்கு ஒரு தனி விண்ணப்பம்: நெடுவினாவில் ‘தகவமைப்புகள் ஐந்தினைப் பட்டியலிடுக’ என்பதை எடுத்துவிட்டு, கனடா ஜே பறவையைப் பற்றி நான்கு வரி கொடுத்து, இலையுதிர்காலம் இரண்டு வாரம் நீண்டால் அடுத்த வசந்தத்தில் அதன் கூட்டில் என்ன நடக்கும், ஏன் என்று கேளுங்கள். மதிப்பெண் திட்டத்தில் ‘ஏன்’ என்பதற்குப் பாதிக்கு மேல் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பாடநூல்களை அக்கறையோடு வாசிக்கும் ஒருவர்